டயர் கடைக்கு மேலே ஒரு வகுப்பு

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

பொருள்: மாணவி சேர்க்கை தொடர்பாக.

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாம் பேசிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கான காரணங்களை இங்கே கிளற விரும்பவில்லை. இரு தரப்புக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. என் பள்ளியிலேயே படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். சில மாதங்களாக அவள் பள்ளிக்கு வருவதில்லை. முதலில் தலைவலி என்றாள், பிறகு காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். இப்போது தன் அறையைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆசிரியை ஒருவர் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தேன். அவர் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேதியியல் நடத்திவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

வழக்கமான பள்ளிகளில் ஒத்துப்போக முடியாத பிள்ளைகளுக்கு நீ மேல்நிலை வகுப்புகள் நடத்துகிறாய், அவர்களைத் தனித்தேர்வர்களாகப் பரீட்சை எழுத வைக்கிறாய் என்று அறிகிறேன். வரும் திங்கட்கிழமை அண்ணி அவளை அழைத்து வருவாள். சேர்த்துக்கொள்ளவும். தங்குவதும் உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவள் யாருடைய மகள் என்பது அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். என் பதவி அப்படி. நீ புரிந்துகொள்வாய்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தலைமையாசிரியர்.


ஜூன் 9

அண்ணா,

உன் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு எழுதற கடிதாசில 'பொருள்'னு தலைப்புப் போடற ஒரே ஆள் இந்த உலகத்துல நீயாத்தான் இருப்ப. அடியில 'தலைமையாசிரியர்'னு வேற. போடலைன்னா நீ யாருன்னு எனக்கு மறந்துடுமா?

இரு தரப்புக்கும் பங்கு உண்டாம். அத்தனை அதிகாரிங்களும் தலைமையாசிரியருங்களும் உக்காந்திருந்த கூட்டத்துல எழுந்து நின்னு, "என் தங்கை நடத்துவது பள்ளி அல்ல, நாங்கள் கழித்துவிட்டதை அடுக்கி வைக்கும் கிடங்கு"ன்னு சொன்னது யாரு? எல்லாரும் சிரிச்சாங்க. நான் கடைசி வரிசையில நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல உக்காந்திருந்தேன். இதுல என் பங்கு என்ன, உக்காந்திருந்ததா?

சரி, அந்தக் கிடங்கு எப்படி இருக்குன்னு சொல்றேன், கேளு. கீழே டயர் கடை. வெளிப்பக்கமா இரும்புப் படி. மாடியில ஒரே ஒரு ஹால், மூடிப்போன ஓட்டல்ல இருந்து வாங்கின நீள மேஜை ரெண்டு. கீழே காத்தடிக்கிற மெஷின் ஓடும்போது எதிர்ல இருக்கிறவன் பேசறது கேக்காது. அது நிக்கிற வரைக்கும் கணக்கு பாதியில நிக்கும், அப்புறம் விட்ட இடத்துல இருந்து ஓடும். மணி அடிக்கிறது கிடையாது. பேக்கரியில விடியக்காலை வேலை பாக்கறவன் மாவு ஒட்டின கையோட வருவான். ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வருவா, குழந்தையை யாராவது வாங்கிக்குவாங்க. மூணு பள்ளிக்கூடம் துரத்திவிட்ட ஒருத்தன் இருக்கான், பேரு பாறை, நாங்க வச்ச பேரு. ஒரு பாடத்தை முடிச்சாத்தான் அடுத்ததைத் தொடுவோம். அதுக்கு ஆறு மாசம் ஆனாலும் சரி.

இந்த மேஜையில உக்காந்திருக்கிறதுல சில பேர் நீ அனுப்பினதுங்க. உன் பள்ளிக்கூடம் வருஷாவருஷம் நூத்துக்கு நூறு தேர்ச்சி காட்டுதே, அதுக்காகத் தேறாதுன்னு தோணற பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்குப் பேர் பதியறதுக்கு முன்னாடியே டி.சி. கிழிச்சுக் குடுப்பியே, அதுங்கதான். நல்லாப் படிக்குதுங்க.

பட்டாணியைச் சேர்த்துக்க எனக்கு என்ன கசக்குதா? குழந்தையா இருக்கும்போது உருண்டு உருண்டு வந்து என் காலைக் கட்டிக்கிட்டு விடமாட்டாளே, அதனால நான் வச்ச பேர்தானே அது. உன் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு ஆனப்புறம் நான் அழுதது உனக்காக இல்லை, அவளுக்காகத்தான்.

ஆனா அண்ணி கூட்டிட்டு வர்றதெல்லாம் இங்க நடக்காது. இங்க யாரையும் யாரும் கொண்டுவந்து விடக்கூடாது. இந்தப் பிள்ளைங்களை வாழ்க்கை பூரா யாராவது எங்கேயாவது கொண்டுபோய் விட்டுக்கிட்டேதான் இருந்திருக்காங்க. அதனால எங்ககிட்ட ஒரே ஒரு கண்டிப்பு. பிள்ளை தன் கையெழுத்துல, தன் வார்த்தையில, எனக்கு வரணும்னு எழுதித் தரணும். ஒரு வரி போதும். கோணல்மாணலா இருக்கட்டும். பாறை எழுதினது 'வேற எடம் இல்ல'. அவ்வளவுதான். அது வந்தா மறுநாளே அவளுக்கு ஒரு நாற்காலி.

இதை அவகிட்டச் சொல்லு. நீ பக்கத்துல நிக்காதே, அண்ணியைவிட்டுச் சொல்லச் சொல்லு.

போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா நான் வச்சிடுவேன். எழுது. எழுதும்போதாவது நீ கத்தறது இல்லை.

அவளுக்கு என்ன ஆச்சு? அதை ஏன் எழுதலை?

கிடங்குக்காரி


ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்று கூட்டத்தில் சொன்னதை நீ மறக்கமாட்டாய் என்று தெரியும். அது நகைச்சுவையாகச் சொன்னது. நிற்க.

மாற்றுச் சான்றிதழ் பற்றி நீ எழுதியதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தேர்ச்சி விழுக்காடு என் சொந்த ஆசை அல்ல. அது ஒரு புள்ளி குறைந்தால் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறது. இருபத்தைந்து ஆசிரியர்களின் வேலை என் தலையில் இருக்கிறது. மாடியில் உட்கார்ந்து தத்துவம் பேசுவது எளிது.

என்ன நடந்தது என்று கேட்டாய். எதுவும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. அரையாண்டுத் தேர்வில் அவள் இரண்டு பாடங்களில் தவறினாள். எங்கள் பள்ளியில் தவறியவர்களின் பெயரைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பது வழக்கம். நான்தான் வாசிப்பேன். இவள் பெயரையும் வாசித்தேன். விட்டிருந்தால் என்ன சொல்வார்கள்? தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பார்களா, மாட்டார்களா? நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்று ஆசிரியர்கள் பலர் என்னிடம் வந்து கைகொடுத்தார்கள்.

அவள் அன்று முழுவதும் வகுப்பில் இருந்தாள். மாலையில் என்னோடுதான் வண்டியில் வந்தாள். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பதே பதில். நான் வீட்டில் இருந்தால் அவள் வெளியே வருவதில்லை. நான் பள்ளிக்குப் போன பிறகு வந்து சாப்பிடுகிறாளாம். தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாளாம், அண்ணி சொன்னாள். நான் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், என் பெண் முகத்தை நான் பார்த்து வாரக்கணக்கில் ஆகிறது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், சரி, இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று அண்ணி சாவித்துவாரத்தின் வழியே பார்த்துவிட்டு வந்து, "சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள். அவளும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீ சொன்னதை அண்ணி மூலம் சொல்லியாகிவிட்டது. கதவுக்குள்ளிருந்து பதில் இல்லை. உன் விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன? அவள் உன் மருமகள்தானே.

இப்படிக்கு,
உன் அண்ணன்.


ஜூன் 18

அண்ணா,

அசெம்பிளியிலயா? மைக்குலயா? உன் வாயாலயா?

அடப்பாவி! எதுவும் நடக்கலைன்னு எழுத உனக்கு எப்படிக் கை வந்துச்சு? கடிதாசியை மேஜைமேல வச்சுட்டுப் படியில போய் உக்காந்துட்டேன். குழந்தைக்காரப் பொண்ணு வந்து, "என்னாச்சுக்கா?"ன்னு கேட்டா. அவகிட்ட என்னன்னு சொல்றது?

கைகொடுத்தாங்களாம்! உன் பொண்ணு அங்கேயே நின்னுக்கிட்டு அதையும் பாத்திருப்பா.

சரி. திட்டினது போதும். திட்டறதுக்கு இன்னும் வருஷம் இருக்கு. இப்போ நான் சொல்றதை மட்டும் செய். கதவைத் தட்டாதே. கதவுக்கு வெளியே நின்னு பேசாதே. நீ வீட்டுக்கு வரும்போது செருப்பு சத்தம் கேக்கும்ல, அப்பவே அவளுக்கு மூச்சு முட்டும்னு எனக்குத் தெரியும், இந்த மாதிரி பிள்ளைங்களை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நாளைக்கு லேட்டாவே வா. எழுதினா எழுதட்டும், எழுதாட்டிப் போகட்டும்னு விடு.

விதியைத் தளர்த்துன்னு கேக்கறே. முடியாது. என் மருமகள்ங்கறதுக்காகத் தளர்த்தினா நீ மைக்குல வாசிச்சதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை. ரெண்டுமே அவளைப் பாக்காம அவ யார் வீட்டுப் பொண்ணுன்னு பாக்கறதுதான். அவளே கேட்டு வரணும். கேக்கறதுலதான் பாதி குணமாகுது, நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இங்க வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு மனப்பால் குடிக்காதே. போன வருஷம் ஒருத்தன் வந்தான். நல்லாத்தான் படிச்சான், நல்லாத்தான் சிரிச்சான். ஒருநாள் வரலை. மறுநாளும் வரலை. அப்புறம் வரவே இல்லை. எங்க இருக்கான், இருக்கானான்னுகூட எனக்குத் தெரியாது. அவன் அம்மா இன்னும் அப்பப்போ வந்து கீழே டயர் கடையில கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு மாடியில இருந்து இறங்கிப் போய் அவங்க முகத்தைப் பாக்கத் தைரியம் இல்லை.

அதனாலதான் சொல்றேன். ஜாக்கிரதையா இரு.

உன் தங்கச்சி


ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

எழுதிவிட்டாள்!

இன்று காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. அண்ணி குனிந்து எடுக்கப் போனாள், நான் முந்திக்கொண்டேன். நான்கு வரிகள். உனக்குத்தான். அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். மறைப்பானேன்.

நீ சொன்னது பலித்துவிட்டது. உன் முறைகளைப் பற்றி நான் கொஞ்சம் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நேரில் வரும்போது பேசுவோம்.

தாளை இதோடு இணைத்து அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் பார்த்தால், பதினொன்றாம் வகுப்பு மாணவி எழுதியது போலவே இல்லை. அதுவும் ஒரு தமிழாசிரியன் மகள். சந்தி ஒற்று எங்குமே இல்லை. கேள்விக்குறி இல்லை. முழுக்கப் பேச்சு வழக்கு. அத்தையாகவே இருந்தாலும் இன்னொரு நிறுவனத்துக்குப் போகிற விண்ணப்பம் இல்லையா? அதனால் பிழைகளை மட்டும் திருத்தி, "இதைப் பார்த்துப் புதுத்தாளில் நன்றாக எழுதிக் கொடு, அப்பா இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லிக் கதவுக்கு அடியிலேயே திரும்பத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் மென்மையாகத்தான் சொன்னேன். அவளிடம் நான் பேசி எத்தனையோ நாள் கழித்து இன்றைக்குத்தான் பேசினேன்.

தாளை உள்ளே இழுத்துக்கொண்டாள். நல்ல அறிகுறி.

இதைப் பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன். நாளைய தபாலில் அவள் எழுதியது உனக்கு வந்துவிடும். நாற்காலியைத் தயாராக வை.

அன்புடன்,
அண்ணன்.


ஜூன் 28

அண்ணா,

உன் கடிதாசி இப்போதான் வந்துச்சு. கூடவே எதுவும் வரலை.

என்ன காரியம் பண்ணிட்டே! அவ என்னைக் கேட்டு எழுதினதை எதுக்குத் திருத்தினே? நீ பாட்டுக்கு ஒரு கவர்ல போட்டு ஒட்டி அனுப்பியிருக்கக் கூடாதா? இத்தனை மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே ஒரு விரலை நீட்டியிருக்கா. நீ அதைப் பிடிச்சுப் பாத்து நகம் சரியில்லைன்னு சொல்லித் திருப்பி உள்ளே தள்ளியிருக்கே.

சிவப்பு மையிலயா திருத்தினே? சிவப்புலதான் திருத்தியிருப்பே. வேற பேனா உன் பையில எப்போ இருந்துச்சு?

உன் வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுக்கலை. உன் பள்ளிக்கூடத்துக்குப் பண்ணினேன், "சார் மீட்டிங்ல இருக்கார்"ங்கறாங்க. இதைக் கையில வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருக்காதே. வீட்டுக்குப் போ. கதவை உடைச்சாவது பாரு. மன்னிச்சுடும்மா, எனக்குத் தாளே வேண்டாம், நீ சும்மா வா, அத்தை கூப்பிடறேன்னு நான் சொன்னதா சொல்லு. விதியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்.

உடனே போ அண்ணா. கெஞ்சிக் கேக்கறேன்.


ஜூலை 2

தங்கச்சி,

அண்ணி போன்ல உனக்குச் சொல்லியிருப்பா. நான் போனைக் கையில எடுத்தேன், பேச வரலை. வாயைத் திறந்தா சத்தம்தான் வருது. எழுதத்தான் வருது. அதுவும் எப்படி வருதுன்னு நீயே பாரு.

உன் கடிதாசி வர்றதுக்கு முன்னாடியே அவ போயிட்டா. நான் வழிபாட்டுக் கூட்டத்துல நின்னுக்கிட்டிருந்தேன், அண்ணி வேலைக்குப் போயிருந்தா. சாயங்காலம் வந்தா கதவு திறந்து கிடக்கு. இத்தனை மாசமா எந்தக் கதவு திறக்காதான்னு பாத்துக்கிட்டிருந்தேனோ அந்தக் கதவு ஆன்னு திறந்து கிடக்கு. உள்ளே போகவே பயமா இருந்துச்சு. அண்ணிதான் போய்ப் பாத்தா. படுக்கை மடிச்சு வச்சிருந்துச்சு.

போலீஸ்ல சொல்லியாச்சு. அவங்க கேக்கற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. என்ன உடை? தெரியாது. சிநேகிதிங்க யாரு? தெரியாது. எங்க போவா? தெரியாது. இப்போ முடி எவ்வளவு நீளம் இருக்கும்? தெரியாது. அந்த ஆள் எழுதறதை நிறுத்திட்டு, "சார், நீங்க இந்தப் பொண்ணுக்கு அப்பாதானே?"ன்னு கேட்டார்.

அவ எழுதின தாளைக் காணோம். அவளோடவே போயிடுச்சு. ஆனா அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. திருத்தினவன் நான் இல்லையா. இதுதான்:

"அத்த எனக்கு படிக்க புடிக்கும்
ஸ்கூல்ல எல்லாரும் என்னயே பாக்கற மாதிரி இருக்கு அதான் முடியல
என்ன சேத்துகுவீங்களா
நா யார் பொண்ணுன்னு அங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க"

'அத்தை'ன்னு ஐ போட்டேன். 'எனக்குப் படிக்க'ன்னு ப் போட்டேன். 'என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா'ன்னு எழுதிக் கேள்விக்குறி போட்டேன். கடைசி வரியில 'யார் பொண்ணு'ங்கறதை அடிச்சுட்டு 'யாருடைய மகள்'னு மேலே எழுதி, ஓரத்துல 'பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்'னு குறிப்பும் எழுதினேன். அடியில என் கையெழுத்தும் தேதியும் போட்டேன். பழக்கம்.

திருத்தினேன் தங்கச்சி, படிக்கலை. நாலு வரியையும் இன்னைக்குத்தான் படிக்கறேன். முதல் கடிதாசியில நான் உன்கிட்ட அதையேதான் கேட்டிருந்தேன், யாருடைய மகள்னு சொல்லாதேன்னு. அவளும் அதையேதான் கேட்டிருக்கா.

அங்க வந்தாளா? வந்திருந்தா சொல்லு. என்கிட்டச் சொல்லாதேன்னு அவ சொல்லியிருந்தா சொல்லாதே. இல்லை, இருக்கான்னு மட்டும் சொல்லு. எப்படியாவது சொல்லு.


ஜூலை 4

அண்ணா,

இங்க வரலை. வந்திருந்தா உன்னை இப்படித் தவிக்க விடமாட்டேன். அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான்.

வகுப்பு நடக்கலை. புத்தகத்தை மூடிட்டு எல்லாரையும் அனுப்பியிருக்கேன். பாறை பஸ் ஸ்டாண்டுல நிக்கறான், ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கறான். பேக்கரிக்காரன் ரயிலடியில கேட்டுட்டு வந்தான். குழந்தைக்காரப் பொண்ணு கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. போகாதேன்னேன், "எனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. ஆஸ்பத்திரியில தேடறாங்கன்னு உன்கிட்ட எழுதக் கூடாதுதான். ஆனா யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?

அவ போட்டோ ஏதாவது இருக்கான்னு பிள்ளைங்க கேட்டாங்க. என்கிட்ட இருக்கிறது அவ ரெண்டாங்கிளாஸ்ல எடுத்தது. ரெண்டு சடை போட்டு, முன்பல் ரெண்டும் இல்லாம. அதை வச்சுக்கிட்டுத் தேடறாங்க.

உன்னைத் திட்டணும்னு பேனாவை எடுத்தேன். திட்ட வரலை. நீ சாப்பிடு. அண்ணியைத் தனியா விடாதே.

தங்கச்சி


ஜூலை 8

அண்ணா,

அண்ணிகிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன், கிடைச்சுட்டா, உசிரோட இருக்கா, என் வீட்டுல இருக்கான்னு. நீ பக்கத்துல உக்காந்து விசும்பறது எனக்குக் கேட்டுச்சு. மிச்சத்தை எழுதித்தான் சொல்லணும்னு வச்சுட்டேன். இதைக் கொஞ்சம் உக்காந்து படி.

அவ எங்கேயும் போகலை. நேரா இங்கதான் வந்திருக்கா, கிளம்பின மறுநாளே. நாங்க ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கோம், அவ எங்க காலுக்குக் கீழேயே உக்காந்திருந்திருக்கா. டயர் கடைக்குப் பின்னாடி பழைய டயரையெல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு நடுவுல. கடைக்காரர் மனைவி கேட்டதுக்கு வேலை தேடி வந்திருக்கேன்னு ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருக்கா. அந்தம்மா பாவம்னு சோறு போட்டு, ராத்திரிக்குத் தன் வீட்டுலயே படுக்க வச்சிருக்காங்க. நாங்க காட்டின படத்துல ரெட்டைச் சடை. இவ தலையில ஒண்ணுமே இல்லை, கத்தரிச்சுக் கத்தரிச்சு ஒட்ட வெட்டியிருக்கா. எப்படித் தெரியும் அவங்களுக்கு?

நேத்து நான் கீழே இறங்கும்போது அந்த இரும்புப் படியில கீழ்ப் படியில உக்காந்திருந்தா. முதுகைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பட்டாணின்னு கூப்பிட்டேன். திரும்பலை. பக்கத்துல போய் உக்காந்து, "ஏன்டி கண்ணு, வந்தவ ஏன் மேலே வரலை?"ன்னு கேட்டேன்.

என்ன சொன்னா தெரியுமா? "தாள் இல்லை அத்தை"ன்னா.

பையில இருந்து எடுத்துக் காட்டினா. அதே தாள். "இதுல பாதி அப்பா எழுத்து. தன் கையெழுத்துல இருக்கணும்னு நீங்க சொன்னீங்களாமே, அம்மா சொன்னாங்க. புதுசா எழுதிப் பாத்தேன், எழுத வரலை. ஒரு எழுத்து எழுதினதும் அது தப்போன்னு தோணுது, அடிச்சுடறேன்"னா. பக்கத்துல கசக்கிப் போட்ட காகிதமா கிடந்துச்சு, எல்லாத்துலயும் 'அ' இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

நீ திருத்தினது மட்டும் இல்லை, என் கண்டிப்பும் சேர்ந்துதான் அவளைப் படிக்குக் கீழே நிறுத்தி வச்சிருக்கு. ரொம்பப் பெருமையா எழுதினேன்ல உனக்கு, அவளே கேட்டு வரணும்னு? அவ கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தா. எழுதினாத்தான் கேட்டதா அர்த்தம்னு நினைச்ச நான் உன் தங்கச்சிதான், வேற யாரு.

கையைப் பிடிச்சு மேலே கூட்டிட்டு வந்துட்டேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கா. யாரோடயும் பேசலை. குழந்தையை மடியில வச்சா வச்சுக்கறா, வாங்கினா குடுத்துடறா. பேனாவைத் தொடமாட்டேங்கறா. இந்த வருஷம் பரீட்சை எழுதுவாளான்னு கேக்காதே. விண்ணப்பம் போடற நாளும் முடியப்போகுது, அதுல அவ கையெழுத்துப் போடணும். நான் போடச் சொல்லமாட்டேன். எழுதுவாளா, படிப்பாளா, நாளைக்கு இருப்பாளா, எனக்கு எதுவும் தெரியாது. ராத்திரி அவ படுத்திருக்கிற அறைக் கதவைக் கழட்டி வச்சுட்டேன்.

இப்போ கஷ்டமான விஷயம். நீ வரக்கூடாது. அவ கேட்டது அது ஒண்ணுதான். அந்த நாலாவது வரி. நீ வந்து நின்னா தெரிஞ்சுடும். உன் பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததுங்க வாயைத் திறக்கமாட்டோம்னு சொல்லியிருக்குங்க, மத்த யாருக்கும் அவ யார் பொண்ணுன்னு தெரியாது, தெரியவும் விடமாட்டேன். அண்ணி வரட்டும். நீ வராதே அண்ணா. எவ்வளவு நாளைக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

தங்கச்சி


ஜூலை 19

தங்கச்சி,

நீ சொன்னதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அண்ணி வந்து பாத்துட்டு வந்து, "சாப்பிடறா"ன்னு மட்டும் சொன்னா. ராத்திரி ரெண்டு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறோம்.

பள்ளிக்கூடத்துல மைக்கு முன்னாடி நிக்க முடியலை. தொண்டை சரியில்லைன்னு சொல்லி உதவித் தலைமையாசிரியரை நிக்க வச்சிருக்கேன். டி.சி. குடுக்கற காலம் வந்தாச்சு, நிர்வாகத்துல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. நான் இன்னும் ஒருத்தருக்கும் கையெழுத்துப் போடலை. துணிச்சல்னு நினைச்சுக்காதே. ஒவ்வொரு பேரையும் பாக்கும்போது அது எந்தப் படியில போய் உக்காருமோன்னு தோணுது, கை வரமாட்டேங்குது. இதுல என் வேலை போனாலும் போகும்.

இதை உன்கிட்ட மறைக்கப் போறதில்லை. நேத்து நான் அங்க வந்தேன். வரக் கூடாதுன்னு நீ சொல்லியும் வந்தேன். கோவிச்சுக்கோ. மேலே ஏறணும்னு வரலை. தெருமுனையில நின்னு, ஜன்னல்ல ஒரு தடவை தெரியமாட்டாளான்னு பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். ஜன்னல்ல யாரும் தெரியலை. எதிர்ப்பக்கம் போனேன், தெரியலை. அப்படியே கொஞ்சம் கொஞ்சமா வந்து கடை வாசல்லயே நின்னுட்டேன்.

கடைக்காரர் கையைத் துடைச்சுக்கிட்டு வெளியே வந்தார். என்னை மேலயும் கீழயும் பாத்தார். நல்ல மனுஷர். "என்ன சார், பிள்ளையைச் சேர்க்கற விஷயமா? மேலேதான், படியேறிப் போங்க. டீச்சரம்மா நல்லவங்க, பயப்படாதீங்க"ன்னார். நான் அசையாம நிக்கவும், "இல்லை, உங்க பிள்ளை ஏற்கனவே இங்க படிக்குதா? யாரோட அப்பா நீங்க?"ன்னு கேட்டார்.

இத்தனை வருஷமா எந்தக் கேள்விக்கும் நான் யோசிச்சு நின்னதில்லை. நின்னேன். கடையில அந்தக் காத்தடிக்கிற மெஷின் ஓடாத நேரம், பேசறதெல்லாம் ஜன்னல் வழியா மேலே கேக்குமோன்னு பயம். அதனால மெதுவா, "யாரோட அப்பாவும் இல்லைங்க. எனக்குப் பிள்ளைங்க கிடையாது. வழி தெரியாம வந்துட்டேன்"னு சொன்னேன்.

"அப்படியா"ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்னு கையைக் காட்டி விவரமா சொன்னார். நானும் கேட்டுக்கிட்டேன். திரும்பி நடந்தேன்.

தெருமுனைக்கு வர்றதுக்குள்ள மேலே இருந்து யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. பொண்ணு குரல். கொஞ்சம்தான், உடனே நின்னுடுச்சு. நான் அங்கேயே நின்னுட்டேன். அது அவளா, இல்லை வேற யாராவதா, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. அவ எப்படிச் சிரிப்பான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரமாட்டேங்குது.

நேத்து வியாழக்கிழமை, மத்தியானம். மேலே சிரிச்சது அவதானா? வேற எதுவும் எழுத வேண்டாம் தங்கச்சி. ஆமாம் இல்லைன்னு அதை மட்டும் எழுது.

அண்ணன்